என் கைக்கு மட்டும் மறுத்த கணினி

எங்கள் ஆய்வகத்தில் எட்டு வருடம் வேலை பார்த்த ஒரு பெண் என்னால் வெளியே போனாள். போகச் சொன்ன வாய் என்னுடையது இல்லை. ஆனால் அந்த வாயைத் திறக்க வைத்தவன் நான்தான். காரணம், கணினியில் நானே எழுதி வைத்திருந்த ஒரே ஒரு வரி. எழுதியதை மறந்துபோனேன், எழுபத்து மூன்று வயதில் அது நடக்கக்கூடியதுதான். மறந்தவன் அடுத்து யார் பக்கம் திரும்பினேன் என்பதைத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஆய்வகம் என்றதும் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். தூத்துக்குடி துறைமுகச் சாலையிலிருந்து பிரியும் தெரு ஒன்றில், டயர் கடைக்கு மேலே மூன்று அறைகள். கப்பல் ஏறப் போகும் உப்பைச் சோதித்து நாங்கள் சான்றிதழ் கொடுக்கிறோம். ஈரப்பதம் எவ்வளவு, சோடியம் குளோரைடு எவ்வளவு, கரையாத மண் எவ்வளவு என்று ஒரு தாளில் எண்கள் இருக்கும். கீழே என் கையெழுத்து இருக்கும். கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றதும், ஆய்வகத்தின் உரிமையாளர் மில்லர்புரத்தில் என் வீட்டுக்கே வந்து என்னை அழைத்துக்கொண்டு போனார். ஊரே அவரை அண்ணாச்சி என்கிறது. என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர் என்றாலும் நானும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

அந்தப் பெண் வேம்பாரிலிருந்து கடற்கரைச் சாலை பேருந்தில் தினமும் வருவாள். முப்பத்து நான்கு வயது. உப்பைக் கரைப்பது, வடிகட்டுவது, எடை போடுவது எல்லாம் அவள் கை. சான்றிதழைக் கணினியில் அடிப்பதும் பெரும்பாலும் அவள்தான். கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டது நான். ஒருமுறை வைரஸ் வந்து ஆறு மாதச் சான்றிதழ்கள் அழிந்துபோனபோது, ஆராய்ச்சி மாணவனாக இருந்த காலத்தில் அதன் முன்னோடியான யூனிக்ஸ் பழகிய தைரியத்தில் நான் அதைச் சொன்னேன். இரண்டு கணக்குகள் உருவாக்கினேன், எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்று. இரண்டு வருடத்தில் அவள் என்னைத் தாண்டிவிட்டாள். பேருந்தில் வரும்போதே கைப்பேசியில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டதாகச் சொன்னாள். அப்போது அதைப் பாராட்டினேன். பிறகு அதையே வேறு மாதிரி எண்ணத் தொடங்கினேன்.

எப்போதிலிருந்து என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். ஒரு நாள் அண்ணாச்சி தேநீர் குடித்துக்கொண்டே சொன்னார்: "சார், உங்களுக்கும் கண்ணு முன்ன மாதிரி இல்ல. சர்டிபிகேட்டுல ரெண்டாவது கையெழுத்துக்கு அந்தப் பிள்ளையப் போட்டு வச்சிருவோமா? நாளப்பின்ன உங்களுக்கும் ஒரு ஓய்வு."

"போடலாமே," என்றேன். நல்ல குரலில்தான் சொன்னேன்.

மறுநாளிலிருந்து அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கணினி அறைக்குள் நான் நுழைந்தால் திரையில் இருப்பதைச் சட்டென்று மூடுகிறாள். கைப்பேசியில் பேசும்போது குரல் தாழ்ந்துவிடுகிறது. மாலையில் நான் கிளம்பிய பிறகும் பத்து நிமிடம் இருந்துவிட்டுப் போகிறாள். இதெல்லாம் புதிதாக நடந்தவையா, முன்பும் நடந்து நான் பார்க்காமல் இருந்தவையா என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். நான் நாசரேத் பக்கம் மிஷன் பள்ளிக்கூட ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தவன். கடற்கரை ஊர்க்காரர்களைப் பற்றி எங்கள் வீடுகளில் யாரும் கெட்ட வார்த்தை சொல்ல மாட்டார்கள். "அவுங்க கொஞ்சம் வேற மாதிரி" என்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். படிப்பு என் மொழியைக் கழுவியது. அந்தக் குரலைக் கழுவவில்லை.

ஈரப்பதம் பார்க்கும் புதிய தராசு ஒன்று வந்தது. அதைக் கணினியோடு இணைத்தால் எடை நேராகக் கணினிக்குப் போகும். கையால் எழுத வேண்டியதில்லை. அதற்கு ஒரு மென்பொருள் பேக்கேஜை நிறுவ வேண்டும். அவள் சோதனை அறையில் வேலையாக இருந்தாள். கண்ணைப் பற்றிய பேச்சு உள்ளே உறுத்திக்கொண்டிருந்ததால், இதை நானே செய்து முடிப்பது என்று உட்கார்ந்தேன். என் கணக்கில் நுழைந்து, பழைய பழக்கப்படி ரூட்டாக மாறினேன். கணினியின் முழு அதிகாரமும் உள்ள கணக்குக்கு ரூட் என்று பெயர். நிறுவும் கட்டளையைக் கொடுத்தேன். சில வரிகள் ஓடின. பிறகு நின்றுவிட்டது. எதிர்பார்த்த நிரல்களில் இரண்டு பாத்தில் காணப்படவில்லை, அல்லது அவற்றை இயக்க முடியவில்லை என்று பிழை சொன்னது.

பாத் என்பது ஒரு பட்டியல், அவ்வளவுதான். ஒரு வேலைக்கான நிரலைக் கணினி எந்தெந்த அடைவுகளில், அதாவது ஃபோல்டர்களில், போய்த் தேட வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அலுவலக உதவியாளரிடம் "அந்த ஃபைலை முதல் பீரோவிலும் இரண்டாவது பீரோவிலும் பார்" என்று சொன்னால், அது மூன்றாவது பீரோவில் இருந்தாலும் "இல்லை சார்" என்றுதான் வந்து நிற்பார். அவர் பொய் சொல்லவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். மாணவர்களுக்கு இதே உதாரணத்தைச் சொல்லியிருக்கிறேன்.

தெரிந்திருந்தும் நான் செய்தது வேறு. அந்த இரண்டு நிரல்களும் வழக்கமாக இருக்கும் அடைவுக்குப் போய்ப் பார்த்தேன். இரண்டும் இருந்தன. இயக்கும் அனுமதியும் சரியாக இருந்தது. பொருள் இருக்கிறது, அனுமதி இருக்கிறது, ஆனாலும் இல்லை என்கிறது. அப்படியானால் யாரோ இல்லை என்று சொல்ல வைத்திருக்கிறார்கள். என் புத்தி நேராக அங்கேதான் போனது.

அவளைக் கூப்பிட்டேன். "ஏம்மா, கம்ப்யூட்டரை எதுவும் மாத்தினியா?"

"போன மாசம் அப்டேட் பண்ணினேன் சார். உங்ககிட்ட சொல்லிட்டுத்தான பண்ணினேன்."

"இது ஏற மாட்டேங்குது."

கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்து பார்த்தாள். "கொஞ்சம் இங்கன தள்ளி இருங்க சார். என் அக்கவுண்ட்ல போட்டுப் பாக்கேன்."

அவள் கணக்கில் நுழைந்தாள், ஒரு கட்டளை கொடுத்தாள். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தது. "ஏறிட்டு சார்."

"எனக்கு ஏன் ஏறல?"

"கம்ப்யூட்டருக்கும் உங்களுக்கும் என்ன பிணக்கோ," என்று சிரித்தாள். பிறகு, "உங்க பாத்துல என்னமோ விட்டுப்போயிருக்கு சார். மெசேஜே அதத்தான சொல்லுது. உங்க அக்கவுண்டத் தொறந்து நான் ஒரு தடவ பாக்கட்டா?"

"வேண்டாம். நானே பார்த்துக்கிடுதேன்."

பதில் என் கையில் கொடுக்கப்பட்டுவிட்டது. நான் அதை வாங்கவில்லை. என் கணக்கைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்கிறாளே என்ற எண்ணம்தான் அன்று முழுக்க எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த மூன்று நாட்களில், அவள் இல்லாத நேரமாகப் பார்த்து, தேவையில்லாத சின்னச் சின்ன பேக்கேஜ்களை நிறுவிப் பார்த்தேன். ஒன்றும் ஏறவில்லை. அதில் ஒன்றை, ஏதோ தேவைப்படுவதுபோல் அவளிடம் சொன்னேன். உடனே ஏறியது. என் கைக்கு மறுக்கிறது, அவள் கைக்கு இணங்குகிறது. பரிசோதனை செய்து முடிவுக்கு வந்துவிட்டதாக நினைத்தேன். பாத்தில் என்ன இருக்கிறது என்று திரையில் காட்டச் சொல்லும் கட்டளை ஒரே வரி. நாற்பது வருடமாக எனக்குத் தெரிந்த வரி. அதை நான் அடிக்கவில்லை. என் பக்கம் சரியாகத்தான் இருக்கும் என்பது எனக்குச் சோதிக்க வேண்டாத உண்மையாக இருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. மாதிரி உள்ளே வந்ததும் அதன் பெயரைக் கழற்றிவிடுவோம். எந்த உப்பளம், எந்த வியாபாரி என்பதெல்லாம் என் மேசை டிராயரில் பூட்டிய குறிப்பேட்டில் இருக்கும். சோதிப்பவர் கைக்கு ஒரு எண் மட்டும்தான் போகும். வேண்டியவர் உப்பு, வேண்டாதவர் உப்பு என்ற நினைப்பு தராசைத் தொடக்கூடாது என்பதற்காக. மாதிரியை மூன்றாகப் பிரிப்போம். ஒன்று சோதனைக்கு, ஒன்று விற்பவருக்கு, மூன்றாவது அரக்கு முத்திரையோடு எங்கள் அலமாரியில். தகராறு வந்தால் அதைப் பிரித்துப் பார்க்கலாம். இந்த ஒழுங்கை அங்கே கொண்டுவந்தவன் நான். உப்புக்குக் கொடுத்த அந்த நியாயத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. அவள் பெயர், ஊர், குடும்பம் எல்லாவற்றையும் மேலே ஒட்டி வைத்துக்கொண்டுதான் அவளைச் சோதித்தேன்.

அடுத்த வாரம் ஒரு தகராறு வந்தது. கப்பலில் போன உப்பு ஒன்றில் ஈரம் சான்றிதழில் சொன்னதைவிட அதிகம் என்று வாங்கியவர் எழுதியிருந்தார். அண்ணாச்சி படியேறி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"சார், நம்ம நம்பர் தப்பாப் போகுமா?"

"போகக் கூடாது."

"அந்த லாட் எங்க உள்ளது?"

டிராயரைத் திறந்து குறிப்பேட்டைப் பார்த்தேன். வேம்பார்ப் பக்கத்து உப்பளம். சொன்னேன்.

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "அவ அண்ணன் அங்கனதான வேல பாக்கான்?"

அங்கே பத்துப் பதினைந்து உப்பளங்கள் இருக்கின்றன. அவள் அண்ணன் வேலை செய்வது அவற்றில் வேறொன்றில். அது எனக்குத் தெரியும். "ஆமா, அந்தப் பக்கம்தான்," என்றேன்.

"கம்ப்யூட்டர்ல நம்பர மாத்த முடியுமா சார்?"

"முடியும்."

"மாத்தியிருப்பாளோ?"

"தெரியாது அண்ணாச்சி. கம்ப்யூட்டர் இப்போ என் சொல்லைக் கேக்க மாட்டேங்குது. அவ சொன்னா கேக்குது. போன வாரம் என் அக்கவுண்டைத் திறந்து காட்டச் சொன்னா. நான் காட்டல."

"என்ன சார் சொல்லுதிய? உங்க அக்கவுண்ட அவ எதுக்குக் கேக்கா?"

"அதத்தான் நானும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

இந்த உரையாடலில் நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் தனித்தனியாக எடுத்தால் உண்மை. சேர்த்து வைத்தால் பொய். அலமாரியில் மூன்றாவது பொட்டலம் இருந்தது. அதைப் பிரித்திருந்தால் ஒரு மணி நேரத்தில் தெரிந்திருக்கும். அதை நான் சொல்லவில்லை. அண்ணாச்சிக்கு அது நினைவில்லை. நினைவூட்ட வேண்டிய ஆள் நான். எண் சரியாக இருந்துவிடுமோ என்று நான் அஞ்சினேன் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

அன்று மதியமே அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டு, "கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா, நான் சொல்லி அனுப்புதேன்," என்றார். கடற்கரையிலும் சந்தையிலும் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும்.

அவள் என் மேசைக்கு வந்தாள். அழவில்லை. "சார், அண்ணாச்சிகிட்ட என்ன சொன்னிய?"

"நான் ஒண்ணும் சொல்லலயே."

அவள் சாவிக்கொத்தை மேசையில் வைத்தாள். பக்கத்தில் ஒரு உறை. "என் அக்கவுண்ட் பாஸ்வேர்ட் இதுல இருக்கு. இன்னைக்கே மாத்திருங்க. இல்லன்னா இனி இங்க எது கெட்டாலும் என் பேருதான் வரும்."

போன பிறகு அவள் கணக்கைத் திறந்து எல்லாவற்றையும் தேடினேன். வெட்கத்தோடு எழுதுகிறேன், இரண்டு நாள் தேடினேன். எங்கள் வேலைக்கான கோப்புகள் இருந்தன. வேம்பார்ப் பேருந்து நேரங்கள் இருந்தன. என் பெயரில் ஒரு பட்டியல் இருந்தது. நான் தட்டச்சு செய்த சான்றிதழ்களில் இருந்த பிழைகள். ஓரிடத்தில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன, ஓரிடத்தில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. மொத்தம் ஐந்து. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'அச்சுக்கு முன் சரிசெய்தாயிற்று' என்று குறித்திருந்தாள். நான் கிளம்பிய பிறகு அவள் எடுத்துக்கொண்ட பத்து நிமிடம் இதற்குத்தான். நான் நுழையும்போது மூடிய திரையும் இதுதான்.

இதைப் பார்த்தாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என்மேல் வழக்குச் சேர்த்து வைத்திருக்கிறாள், இதைக் காட்டித்தான் என் கையெழுத்தைப் பிடுங்கப் பார்த்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் அண்ணாச்சியிடம் ஒன்றையுமே காட்டவில்லையே என்பது தோன்றவில்லை. சந்தேகம் பிடித்தவன் கண்ணுக்கு எல்லாமே அவன் பக்கம்தான் சாட்சி சொல்லும்.

மூன்று வாரம் கழித்து அச்சுப்பொறிக்கு ஒரு புதிய பேக்கேஜ் தேவைப்பட்டது. கட்டளை கொடுத்தேன். அதே பிழை. அதே இரண்டு நிரல்கள், பாத்தில் இல்லை.

அவள் போய்விட்டாள். அவள் கணக்கை நான் மூடிவிட்டேன். அப்போதும் எனக்கு வந்த முதல் நினைப்பு, போகிற போக்கில் எதையோ வைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்பது. எதை வைத்தாள் என்று கண்டுபிடித்து அண்ணாச்சியிடம் காட்ட வேண்டும் என்ற வேகத்தில்தான், அவளுக்கு எதிராகச் சாட்சி தேடும்போதுதான், அந்த ஒரு வரியை அடித்தேன். பாத்தைக் காட்டு.

மூன்று அடைவுகள் மட்டும் வந்தன. முதலாவது 'உப்பு'. அது நான் வைத்த பெயர். பழைய தராசின் எண்களைச் சான்றிதழ் வடிவத்துக்கு மாற்ற நானே ஒரு சிறு நிரல் எழுதி அந்த அடைவில் வைத்திருந்தேன். அதை எங்கிருந்து கூப்பிட்டாலும் ஓட வேண்டும் என்பதற்காக, என் கணக்கின் அமைப்புக் கோப்பில் பாத்துக்கு ஒரு வரி எழுதினேன். ஏற்கனவே இருக்கும் பட்டியலோடு 'உப்பு' என்பதைச் சேர்க்க வேண்டும். நானோ பழைய பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு, யூனிக்ஸ் காலத்து ஞாபகத்தில் புதிதாக ஒன்று எழுதிவிட்டேன். நிர்வாகி பயன்படுத்தும் நிரல்கள் இருக்கும் அடைவுகள் அதில் விட்டுப்போயின. நான் ரூட்டாக மாறும் பழைய முறையில் என் பட்டியலே கூட வந்துவிடும். அவள் பயன்படுத்திய முறையில் கணினி தன்னுடைய முழுப் பட்டியலை எடுத்துக்கொள்ளும். அவள் கைக்கு இணங்கியதும் என் கைக்கு மறுத்ததும் இதனால்தான்.

கோப்பைத் திறந்தேன். அந்த வரிக்கு மேலே என் முதலெழுத்துகளும் தேதியும் இருந்தன. எதை எழுதினாலும் மேலே பெயரும் தேதியும் போடு என்று வகுப்பில் முப்பது வருடம் சொன்னவன் நான். பதினொரு மாதத்துக்கு முந்தைய தேதி. அதன் பிறகு நிறுவும் வேலையை எல்லாம் அவளே பார்த்துக்கொண்டதால் குறை வெளியே தெரியவில்லை.

வரியைத் திருத்தினேன். பேக்கேஜ் ஏறிவிட்டது. பிறகு அலமாரியைத் திறந்து மூன்றாவது பொட்டலத்தின் அரக்கை உடைத்தேன். ஈரப்பதத்தை இரண்டு முறை பார்த்தேன். அவள் எழுதிய எண்தான் வந்தது.

அதன் பிறகு எட்டு நாள் நான் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த எட்டு நாளுக்கு மறதி என்றோ வயது என்றோ காரணம் சொல்ல முடியாது. எல்லாம் தெரிந்த பிறகு எடுத்துக்கொண்ட நாட்கள் அவை. ஆய்வகத்தில் யாராவது சிரித்தால் தெரிந்துவிட்டதோ என்று பார்த்தேன். அண்ணாச்சி கைப்பேசியில் பேசினால் அவளோடுதானோ என்று காதைக் கொடுத்தேன். எட்டாவது நாள் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் என் மனைவி கேட்டாள், "இப்ப யாரச் சந்தேகப்பட்டுக்கிட்டு இருக்கிய?"

"யாரையுமில்ல."

"அப்ப உங்களத்தானா? அதுக்குத்தான் சோறு எறங்கலியோ?"

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதை எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நானா அந்தப் பிள்ளைய அனுப்புனேன்?" என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை; அதுதான் கஷ்டமாக இருந்தது. "இப்ப என்ன செய்யணுங்கிய?" என்றார்.

"அவளைத் திரும்பக் கூப்பிடணும்."

"கூப்பிட்டா, அப்ப எதுக்கு அனுப்பினேன்னு நாலு பேரு கேப்பான். உங்க லேப்ல கம்ப்யூட்டர்ல வெளையாடுதாங்களாமேன்னு ஏற்கனவே ஒரு பார்ட்டி கேட்டுட்டான். விடுங்க சார்." பிறகு சற்று தயங்கிச் சொன்னார், "புதுக்கோட்டைல ஒரு லேப்ல அவ கேட்டிருக்கா போலிருக்கு. அங்க உள்ள மேனேஜர் எனக்குப் போன் போட்டான். நல்ல பிள்ளதான், கம்ப்யூட்டர் பக்கம் மட்டும் கொஞ்சம் பாத்துக்கிடுங்கன்னு சொல்லி வச்சேன்."

திருநெல்வேலி சாலையில் இருக்கும் அந்தப் புதுக்கோட்டை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். நான் டயர் கடை மாடியில் கிளப்பிவிட்ட சந்தேகம் எனக்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

சனிக்கிழமை காலை வேம்பார்ப் பேருந்தில் ஏறினேன். அவள் எட்டு வருடம் தினமும் வந்து போன வழியில் நான் முதல் தடவையாகப் போனேன். ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவள் வீட்டு வாசலில் நின்று துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வரச் சொல்லவில்லை. ஒரு நாற்காலியும் ஒரு செம்பு தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள்.

வரியைப் பற்றிச் சொன்னேன். தேதியைச் சொன்னேன். மூன்றாவது பொட்டலத்தைப் பற்றிச் சொன்னேன். அவள் பட்டியலைப் படித்ததையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"பாத்தப் பாருங்கன்னு அன்னைக்கே சொன்னேன் சார்."

"சொன்ன."

"பாக்கட்டான்னும் கேட்டேன்."

"கேட்ட. அதைத்தான் அண்ணாச்சிகிட்ட உனக்கு எதிரா சொன்னேன்."

இது அவளுக்குத் தெரியாது. கையிலிருந்த துணியைக் கூடையில் திரும்பப் போட்டாள். பிறகு, "மன்னிச்சிருன்னு கேக்கவா வந்திய?" என்றாள்.

"ஆமா."

"அது கெடக்கட்டும். இப்ப என்னால அதச் சொல்ல முடியாது. எழுதிக் குடுங்க. நடந்தது எல்லாத்தையும் எழுதி, கையெழுத்துப் போட்டு, புதுக்கோட்டைல கொண்டு குடுங்க. வாயால சொன்னா வயசான காலத்துல மனசு இளகிச் சொல்லுதாருன்னு போயிரும்."

எழுதினேன். ஆய்வகத்தின் தலைப்புத் தாளில் எழுத அண்ணாச்சி சம்மதிக்கவில்லை. வெள்ளைத் தாளில், ஓய்வு பெற்ற பேராசிரியன் என்ற என் சொந்தப் பொறுப்பில், இரண்டு பக்கம் எழுதினேன். திங்கட்கிழமை புதுக்கோட்டைக்கு நேரில் கொண்டுபோனேன். அங்குள்ள மேலாளர் நாற்பது வயதுக்காரர், மரியாதையானவர். இரண்டு முறை படித்தார்.

"இந்தப் பாத்துன்னா என்ன சார்?"

பீரோ உதாரணத்தைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "அப்போ தப்பு கண்டுபிடிச்ச பிறகு எட்டு நாள் சும்மா இருந்தேன்னு எழுதியிருக்கிய. அந்த எட்டு நாளும் சர்டிபிகேட்ல யார் கையெழுத்துப் போட்டது?"

"நான்தான்."

"அந்த அஞ்சு பிழையும் நீங்க பண்ணினது?"

"ஆமா. அவ சரி பண்ணினா."

என்னைப் பார்த்த அவர் பார்வையை நான் நன்றாக அறிவேன். ஒரு மாதமாக அதே பார்வையால் நான் இன்னொருவரைப் பார்த்திருந்தேன். இந்தக் கிழவர் எதற்காக இதையெல்லாம் எழுதிக் கொண்டுவருகிறார், அந்தப் பெண்ணுக்கும் இவருக்கும் என்ன, யார் சொல்லி வந்திருக்கிறார் என்று அவர் கணக்குப் போடுவது தெரிந்தது. நான் சொல்லச் சொல்ல அது கூடியதே தவிரக் குறையவில்லை. ஒரு கட்டத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"வச்சுட்டுப் போங்க சார். பாக்கேன்," என்றார்.

பத்து நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். "எடுத்துட்டாங்க சார்."

நான் உடனே கேட்டேன், "கையெழுத்து?"

"கையெழுத்தா?" சின்னதாகச் சிரித்தாள். "மாதிரி இடிக்கிற ரூம்ல போட்டிருக்காங்க. கம்ப்யூட்டர் பக்கம் ஒரு வருசம் வர வேண்டாமாம். சும்மா ஒரு பாதுகாப்புக்காம்."

"நான் இன்னொரு தடவ போய்ப் பேசட்டுமா? அண்ணாச்சியையும் கூட்டிக்கிட்டு—"

"வேண்டாம் சார்." குரல் உயரவில்லை. "நீங்க போகப் போக, என்னமோ இருக்குன்னுதான் நெனைப்பாங்க. என்னப் பத்தி நல்லதாக்கூட இனி யார்கிட்டயும் பேசாதிய. பஸ் வந்துட்டு, வைக்கேன்."

நான் ஆய்வகத்தை விட்டுவிட்டேன். கையெழுத்துப் போட இப்போது திருநெல்வேலியிலிருந்து ஒருவர் வருகிறார். அவள் அங்கே சேர்ந்து நான்கு மாதம் ஆயிற்று. சான்றிதழ் அடிக்கவும் கணினியின் குறையைப் பார்த்தவுடன் சொல்லவும் தெரிந்த ஒருத்தி, புதுக்கோட்டையில் காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை உப்புக்கட்டி உடைக்கிறாள். அடுத்த அறையில் கணினி இருக்கிறது. அந்த அறைச் சாவி அவளிடம் இல்லை. இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. அதற்குப் பிறகும் தருவார்களா என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.